பேனருக்குப் பின்னால் ஒரு டிவி

மூன்று தமிழர்களை ஒரு ஹாலில் உட்காரவைத்து ஆளுக்கு ஒரு கிளாஸ் தே ஓ கொடுத்தால் போதும், டீ ஆறுவதற்குள் ஒரு சங்கம் ஆரம்பித்துவிடுவார்கள். யாரையும் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. சரி, குறை சொல்லத்தான் சொல்கிறேன். என் வீட்டு ஹாலில், என் கண் முன்னால், நான் போட்ட டீயைக் குடித்துக்கொண்டே ஆரம்பித்தார்கள்.

எண்பதுகளின் நடுவில் நாங்கள் மலேசியாவில், கிள்ளான் பக்கம், பண்டமாரானில் குடியிருந்தோம். வரிசை வீடு. நம் சுவரில் ஆணி அடித்தால் அடுத்த வீட்டுக் கடிகாரம் விழும். என் வீட்டுக்காரர் போர்ட் கிள்ளானில் ஒரு கிடங்கில் கணக்கு எழுதுகிற கிராணி. கப்பலில் வேலை செய்த ஒரு கூட்டாளி மூலமாக அவர் ஒரு வீடியோ பிளேயர் வாங்கி வந்தார். எங்கள் வரிசையில் அதுதான் முதல் பிளேயர். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அன்றைக்கு அவர் நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும். கப்பலையே வாங்கிவிட்டார் என்றுதான் எவரும் நினைத்திருப்பார்கள்.

தனியாகப் பார்த்தால் அவருக்குப் படம் செரிக்காது. நாலு பேர் கூட உட்கார்ந்து பார்க்க வேண்டும், அந்த நாலு பேரும் பிளேயரைத் தொட்டுப் பார்த்து "எங்கே வாங்கினது?" என்று கேட்க வேண்டும். அதனால் சனிக்கிழமைதோறும் எங்கள் வீட்டில் படம் என்று ஆகிவிட்டது. சனிக்கிழமை அரை நாள் வேலை. அது முடிந்ததும் அவர் கிள்ளான் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருந்த வீடியோ கடைக்குப் போய் ஒரு டேப் எடுத்துவருவார். நான் ஒரு பெரிய சட்டி நிறைய மீஹூன், அதாவது அரிசிச் சேமியா, கிளறி வைப்பேன். ஆறரைக்குப் படம்.

தவறாமல் வந்தவர்கள் நாலு பேர். முதலாவது பிரிக்பீல்ட்ஸ் அங்கிள். ரயில்வேயில் பெரிய கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர், யாழ்ப்பாணக் குடும்பம். ஏதோ கோயில் கமிட்டியில் என் வீட்டுக்காரருக்குப் பழக்கம். மினுக்கித் துடைத்த பழைய காரில், கோலாலம்பூரிலிருந்து ஒரே சீரான வேகத்தில், பின்னால் வருகிறவர்களின் சாபத்தையெல்லாம் வாங்கிக்கொண்டு வந்து சேருவார். கூடவே அவர் மனைவி, நாங்கள் ஆன்டி என்று கூப்பிடுவோம். ஆன்டி சோபாவில் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் கண்ணை மூடிக்கொள்வார். மூன்றாமவர் காப்பார்க்காரர். என் வீட்டுக்காரரோடு கிடங்கில் வேலை, காப்பார் ஊரிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவார். கோயில் திருவிழாவோ கல்யாணமோ காதுகுத்தோ, மைக்கைப் பிடித்து அறிவிப்புச் செய்வது அவர்தான். மைக் இல்லாத இடத்தில்கூட விரல்களை மடக்கி வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டுதான் பேசுவார்.

நாலாவது பக்கத்து வீட்டு அக்கா. நான் இதை எழுத உட்கார்ந்ததே அவருக்காகத்தான்.

அக்காவுக்கு பேக்டரியில் வேலை. ரேடியோவுக்குள் போகிற பொடிப் பொடிச் சாமான்களைப் பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்து ஒட்டுகிற வேலை. பகலில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளலாம் என்று நைட் ஷிப்ட்டைக் கேட்டு வாங்கியிருந்தார். அவர் வீட்டுக்காரர் லோரி ஓட்டுகிறவர், வாரத்தில் பாதி நாள் ஜொகூர்ப் பக்கம் இருப்பார். வீட்டில் இரண்டு பிள்ளைகளும் மாமியாரும். அந்த மாமியார் காலையில் கண் திறந்ததிலிருந்து அக்காவின் பெயரைக் கூப்பிடுவது சுவர் வழியாக எனக்கே கேட்கும். தண்ணி, மருந்து, தலையணை, ஜன்னல், மறுபடியும் தண்ணி. அக்கா எப்போது தூங்கினார் என்று எனக்குத் தெரியாது. சனிக்கிழமை ஆறரையிலிருந்து பேக்டரி பஸ் வருகிற ஒன்பதரை வரைதான் அவரை யாரும் கூப்பிடாத நேரம். "கிராணி வீட்டுக்குத்தானே போறா" என்று மாமியாரே விட்டுவிடுவார்.

நீல நிற பேக்டரி கோட்டைப் போட்டுக்கொண்டு, தலையை அள்ளிச் செருகி, வேலைக்குப் போகிற கோலத்திலேயே படம் பார்க்க வருவார். செருப்பை வாசலைப் பார்த்துத் திருப்பி வைத்துவிட்டு, தரையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்காருவார். படம் பார்ப்பது என்றால் அக்கா பார்ப்பதுதான். வில்லன் வந்தால் "வரான் பாரு, கட்டையில போறவன்" என்று பல்லைக் கடிப்பார். கதாநாயகி அழுவதற்கு முன்னால் இவர் அழுதுவிடுவார். படம் முடிந்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு, ரோட்டு முனையில் ஹார்ன் கேட்டதும் ஓடுவார். ஓடும்போதும் சிரித்துக்கொண்டே ஓடுவார்.

அவருக்கு ஒரு படத்தின் மேல் மட்டும் தீராத ஏக்கம். மூத்த மகள் வயிற்றில் இருந்தபோது கிள்ளானில் ஒரு தியேட்டரில் அதைப் பார்க்கப் போயிருக்கிறார். வெள்ளத்தில் சின்ன வயதில் பிரிந்துபோன அண்ணனும் தங்கையும். அண்ணன் பெரிய மனிதனாகிவிட்டான். தங்கை காய்கறிக் கூடையோடு அவன் வீட்டு வாசலில் நின்று குடிக்கத் தண்ணீர் கேட்கிறாள். அந்த இடத்தில் அக்காவுக்கு இடுப்பு வலி வந்துவிட்டது. தியேட்டரிலிருந்து நேராக ஆஸ்பத்திரி. பிறகு அந்தப் படம் ஊரை விட்டுப் போய்விட்டது, தியேட்டரையும் மூடிவிட்டார்கள். வயிற்றில் இருந்தவளுக்கு அப்போது பதினோரு வயது. அண்ணன் தங்கையை அடையாளம் கண்டானா இல்லையா என்பது அக்காவுக்கு அதுவரைக்கும் தெரியாது.

"யாராவது முடிவ சொன்னீங்க, அப்புறம் நான் மனுஷியா இருக்க மாட்டேன்" என்று எல்லோரிடமும் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார். என் வீட்டுக்காரர் ஒவ்வொரு வாரமும் கடையில் அந்த டேப் வந்துவிட்டதா என்று கேட்பார். கடைக்காரர் ஒவ்வொரு வாரமும் "வரும் லா" என்பார்.

முதல் சில மாதங்கள் நன்றாகத்தான் போயின. கெடுத்தது ஒரு சண்டை. அடுத்த வாரம் சாமி படம் போடலாம் என்றார் அங்கிள். சண்டைப் படம்தான் வேண்டும் என்றார் காப்பார்க்காரர். குரல்கள் உயர்ந்தன. கடைசியில் அங்கிள் கையைத் தூக்கி, "இஞ்ச பாருங்கோ தம்பி, எதையும் ஒரு ஒழுங்கோட செய்ய வேணும். ஒரு கமிட்டி போடுவம்" என்றார்.

அந்த வார்த்தையைக் கேட்டதும் மூன்று ஆண்களின் முகத்திலும் வந்த வெளிச்சத்தை நான் என் கல்யாணத்தன்றுகூட என் வீட்டுக்காரர் முகத்தில் பார்த்ததில்லை. படம் பாதியில் நின்றது. தேர்தல் நடந்தது. அங்கிள் புரவலர், என் வீட்டுக்காரர் தலைவர், காப்பார்க்காரர் செயலாளர். பதவிகள் இன்னும் மிச்சம் இருந்தன, ஆள் மிச்சம் இல்லை. அதனால் தலைவரே பொருளாளர், செயலாளரே கலை இலக்கியப் பிரிவு. 'பண்டமாரான் சனிக்கிழமைத் திரைப்பட ரசனைக் கழகம்' என்று பெயர் வைத்தார்கள். சோபாவில் கண் மூடியிருந்த ஆன்டியைக் கேட்காமலே ஆலோசகர் ஆக்கினார்கள். நானும் அக்காவும் மகளிர் பிரிவு.

"மகளிர் பிரிவுக்கு என்ன வேல?" என்று கேட்டேன்.

"உபசரிப்பு, அண்ணி" என்றார் காப்பார்க்காரர், இல்லாத மைக்கில்.

அதாவது மீஹூன். அதைத்தான் ஏற்கெனவே செய்துகொண்டிருந்தேன். இப்போது பதவியோடு செய்யச் சொன்னார்கள்.

அடுத்த சனிக்கிழமை டிவிக்கு முன்னால் ஒரு மேசை போட்டு, அதன் மேல் என் பூஜை அறைக் குத்துவிளக்கைக் கொண்டுவந்து வைத்தார்கள். இறைவாழ்த்து. வரவேற்புரை. ஏழு பேர்கூட இல்லாத ஹாலில், தினமும் முகத்தைப் பார்க்கிறவர்களை, "பல வேலைகளுக்கிடையே நேரம் ஒதுக்கி வருகை புரிந்திருக்கும்" என்று வரவேற்றார்கள். பிறகு தலைமையுரை, புரவலர் உரை, படத்தைப் பற்றிய அறிமுகவுரை. அதற்கப்புறம்தான் படம். படம் முடிந்ததும் நன்றியுரை. காப்பார்க்காரர் சில வாரங்களில் கோயிலிலிருந்து மைக்கும் ஒலிபெருக்கியும் கொண்டுவந்துவிட்டார். கையை நீட்டினால் பேசுகிறவரின் மூக்கைத் தொடலாம், அந்த ஹாலுக்கு மைக். எதிர் வீட்டுச் சீன அங்கிள் வாசல் கேட்டுக்கு அருகே வந்து நின்று, "சியாப்பா காவின்?" என்று கேட்டார். யாருக்குக் கல்யாணம் என்று. யாருக்கும் இல்லை, வீடியோ பார்க்கிறோம் என்று மலாயில் சொன்னேன். மனிதர் நம்பவே இல்லை.

பேச்சு நீண்டது, படம் பின்னால் போனது. முதலில் ஏழு மணிக்கு, பிறகு ஏழரைக்கு. பேச்சை யாரும் குறைக்கவில்லை, பஸ்ஸும் அக்காவுக்காக நிற்கவில்லை. கடைசிச் சண்டை ஆரம்பிக்கும்போது ஹார்ன் கேட்கும், அக்கா எழுந்து போவார். கொஞ்ச நாளில் கடைசிச் சண்டைக்கு ரொம்ப முன்னாலேயே போக வேண்டியதாயிற்று. பஸ்ஸைத் தவறவிட்டால் ஒரு ஷிப்ட் போச்சு, சூப்பர்வைசரிடம் வாங்கிக்கட்டிக்கொள்ள வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் பேக்டரியிலிருந்து வந்ததும் வேலியருகே நின்று, "அப்புறம் என்னா ஆச்சி?" என்று கேட்பார். துணி காயப்போட்டுக்கொண்டே நான் முடிவைச் சொல்வேன். கேட்டுவிட்டு, "ம். நல்லாத்தான் இருக்கு" என்பார். அந்த "ம்" எனக்குப் பிடிக்கவே இல்லை. படத்தைப் பார்க்க வேண்டியவருக்கு நான் படத்தைக் கதையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். வயிற்றெரிச்சலாக இருந்தது.

ஒரு நாள் என் வீட்டுக்காரரிடம் கேட்டேவிட்டேன். "படத்த முதல்ல போடுங்க. பேச்ச அதுக்கப்புறம் வச்சிக்குங்க. அந்த அக்கா பாவம்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "படம் முடிஞ்சா அப்புறம் யாரு லா உக்காந்து பேச்ச கேப்பா?"

எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவர் சொன்ன மிகப் பெரிய உண்மை அதுதான். சொன்னவருக்கு அது உண்மை என்று தெரியவில்லை.

சரி, கழகம்தானே, முறையாகவே கேட்போம் என்று அக்காவும் ஒரு வாரம் கை தூக்கினார். "அங்கிள், எனக்கு ஒம்பதரைக்கு பஸ்ஸு. படத்த மட்டும் கொஞ்சம் முன்னால போட்டீங்கனா."

அங்கிளுக்கு மகிழ்ச்சி. முதன்முதலாக ஒரு உறுப்பினர் கோரிக்கை வைக்கிறார். "நல்ல விஷயம் பிள்ளை. ஆனா இது நிகழ்ச்சி நிரலில இல்லை. 'பிற' எண்டு ஒரு பகுதி கடைசியில வரும். அதில எடுப்பம்."

'பிற' எப்போது வரும்? படம் முடிந்து, நன்றியுரைக்கு முன்னால். அக்கா அப்போது பஸ்ஸில் ஏறி பேக்டரி கேட்டுக்குள் போயிருப்பார். அடுத்த வாரமும் அதே கதை. "பிற" என்று காப்பார்க்காரர் அறிவிப்பார். கோரிக்கை வைத்தவர் இருக்கிறாரா என்று அங்கிள் கேட்பார். இல்லை என்பார் என் வீட்டுக்காரர். அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைப்பார்கள். இதைச் சிரிக்காமல் செய்தார்கள், அதுதான் எனக்கு ஆச்சரியம்.

கழகத்துக்கு ஒரு வயது ஆனது. சும்மா விடுவார்களா, ஓராண்டு நிறைவு விழா. கிள்ளானில் போர்டு எழுதுகிற ஒருவரிடம் சிவப்பும் மஞ்சளுமாக ஒரு துணி பேனர் எழுதி வாங்கி, ஹாலின் குறுக்கே சுவரிலிருந்து சுவருக்குக் கட்டினார்கள். டிவியும் பிளேயரும் அதற்குப் பின்னால் மறைந்துவிட்டன. "படம் போடுறப்ப தூக்கி விட்டுக்கலாம்" என்றார் என் வீட்டுக்காரர்.

அந்த வாரம்தான் வீடியோ கடையில் அந்த டேப் வந்தது. அண்ணன் தங்கைப் படம். என் வீட்டுக்காரர் அதை எடுத்துவந்தபோது நான் அவரை எல்லாவற்றுக்கும் மன்னித்துவிட்டேன். வேலிக்கு ஓடிப்போய் டேப்பை அக்காவிடம் காட்டினேன். அக்கா அதை வாங்கி, முந்தானையால் துடைத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நெசமா இதானா?" என்றார். அன்றைக்கு அவர் தூங்கவே இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் பாட்டு முணுமுணுக்கிற சத்தம் கேட்டது. மாமியார் கூப்பிட்டதற்கெல்லாம் "இதோ வரேன் அத்த" என்று ராகமாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆறு மணிக்கே வந்து தரையில் தன் இடத்தைப் பிடித்துக்கொண்டார். பிடித்து என்ன பிரயோசனம்? விழாவின் சிறப்பு அங்கம் என்று ஒன்றை மூன்று ஆண்களும் ரகசியமாக வைத்திருந்தார்கள். ஒரு வாரம்கூடத் தவறாமல் வந்ததற்காக அக்காவுக்கு 'சிறந்த ரசிகை' விருது.

அக்காவை எழுப்பி, அலங்கரித்த நாற்காலியில் உட்காரவைத்தார்கள். அந்த நாற்காலி பேனருக்கு முன்னால், டிவிக்கு முதுகு காட்டி இருந்தது. எதிர்ச்சுவரில் கடிகாரம். அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மாலை போட்டார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். அங்கிள் திரைப்படக் கலையின் வரலாற்றை ஆரம்பத்திலிருந்து சொன்னார், வெள்ளைக்காரர்களிலிருந்து ஆரம்பித்தார். என் வீட்டுக்காரர் பிளேயர் வாங்கிய கதையைச் சொன்னார். கிடங்கிலிருந்து புதிதாக வந்திருந்த சில பேர் கை தட்டினார்கள். பிறகு காப்பார்க்காரர் மைக்கைப் பிடித்துப் பாராட்டுரை.

"பன்னிரண்டு ஆண்டுகள் ஒரே ஒரு படத்துக்காகக் காத்திருந்த இந்த ரசிகையின் பொறுமையை என்னென்று சொல்வேன். அந்தப் படத்தின் இறுதிக் காட்சியில், அந்த அண்ணன்..."

அக்கா இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார். சோபாவில் கண் மூடியிருந்த ஆன்டிக்கு அப்போது பார்த்து ஒரு இருமல் வந்தது. மைக்கையே விழுங்கிவிடுகிற இருமல். காப்பார்க்காரர் பேச்சை நிறுத்தித் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். ஆன்டி தண்ணீரைக் குடித்துவிட்டு என்னைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டிவிட்டு மறுபடியும் மூடிக்கொண்டார். இவ்வளவு நாளாக அவர் தூங்கவே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. முப்பது வருஷம் அங்கிளோடு குடித்தனம் செய்தவர் கண்டுபிடித்த வழி அது.

பாராட்டுரை மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தது. நடுவில் ஹார்ன் கேட்டது.

அக்கா எழுந்து நின்றார். "இப்போது சிறந்த ரசிகை ஏற்புரை வழங்குவார்" என்று காப்பார்க்காரர் மைக்கை நீட்டினார். அக்கா அதை வாங்கினார். "பஸ்ஸு வந்துருச்சி. எல்லாருக்கும் வணக்கம்."

எல்லோரும் கை தட்டினார்கள். "சுருக்கமான, அழகான உரை" என்றார் அங்கிள்.

மீஹூனை ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டு நான் பின்னாலேயே ஓடினேன். ரோட்டு முனையில் பஸ் நின்றது. நீலக் கோட்டுக்கு மேலே பொன்னாடையும் மாலையுமாக அக்கா ஏறினார். உள்ளே இருந்த பெண்கள், "என்னாக்கா, மறுபடியும் கல்யாணமா?" என்று சிரித்தார்கள். அக்கா படியில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார். கண் நிறைந்திருந்தது. "பன்னெண்டு வருஷம் காத்துக்கிட்டு இருந்தேன், மா. இன்னைக்குக்கூடவா?" என்றார். டப்பாவைக் கையில் திணித்தேன். பஸ் போன பிறகு அங்கேயே நின்று அழுதேன். துக்கத்தில் பாதி, ஆத்திரத்தில் பாதி.

வீட்டுக்குத் திரும்பி வந்தால் நன்றியுரை நடந்துகொண்டிருந்தது. படத்தைப் போடவே இல்லை. எல்லோருக்கும் களைப்பாம், அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாமாம். பேனரை யாரும் அவிழ்க்கவில்லை. அதை அவிழ்க்க வேண்டாம் என்று அங்கிள் சொல்லிவிட்டுப் போனார். ஹாலுக்கு ஒரு களை வந்திருக்கிறதாம்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வேலிக்கு வரவில்லை. நானே அவர் வீட்டுப் பின்பக்கம் போனேன். பொன்னாடை தையல் மெஷின் மேல் கிடந்தது. "இனிமே நான் வரல, மா. கோவமெல்லாம் இல்ல. வேணா, விடு" என்றார். அவருக்குக் கோபம் இல்லாமல் இருக்கலாம். எனக்கு இருந்தது.

"நீங்க வர வேணாம்க்கா. அடுத்த சனிக்கிழம டிவி உங்க வீட்டுக்கு வரும்."

"ஐயையோ. உன் வீட்டுக்காரரு என்னா சொல்வாரு?"

"அவருக்குத் தெரிஞ்சாத்தானே சொல்வாரு."

"ஹால்ல டிவி இல்லனா தெரியாதா?"

"பாப்போம்" என்றேன்.

டேப்பை நானே கடையில் கொடுத்துவிடுகிறேன் என்று சொல்லி வைத்துக்கொண்டேன். அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் தலைவர் குளிக்கப் போனார். கழகம் ஆரம்பித்த பிறகு அவர் கூட்டத்துக்கு முன்னால் குளித்து, பவுடர் போட்டு, முழுக்கைச் சட்டை மாட்டுவது வழக்கமாகியிருந்தது. அவர் குளிப்பதற்குள் நானும் அக்காவும் பேனருக்குக் கீழே குனிந்து புகுந்து, டிவியைத் தூக்கிக்கொண்டு பின்வாசல் வழியாக அவர் வீட்டுக்கு நடந்துவிட்டோம். டிவி என்ன கனம். இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது, கூடவே சிரிப்பும் வந்தது, சிரித்தால் டிவி விழுந்துவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டோம். பிறகு பிளேயர். பேனர் அப்படியே தொங்கியது. மேசையும் குத்துவிளக்கும் அதனதன் இடத்தில் இருந்தன. நான் மீஹூனை மேசையில் வைத்துவிட்டு, "அக்கா வீட்டுல கொஞ்சம் வேல இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அடுப்படிக்குத் தண்ணீர் குடிக்க வந்த மாதிரி வந்த ஆன்டி, செருப்பை மாட்டிக்கொண்டு என் பின்னாலேயே வந்தார்.

ஆறரைக்குப் படம் போட்டோம். ஆறரை என்றால் ஆறரை. அக்கா தரையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார், பக்கத்தில் மூத்த மகள். "இவளாலதான் நின்னுச்சி" என்று அவள் தலையில் செல்லமாக ஒரு தட்டு தட்டினார். மாமியார் நாற்காலியில். படம் ஓடுகிற வரைக்கும் அந்த அம்மாவும் தண்ணி கேட்கவில்லை, ஜன்னலைச் சாத்தச் சொல்லவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் ஒலிபெருக்கியில் வரவேற்புரை ஆரம்பித்தது. அக்கா டிவி சத்தத்தைக் கூட்டினார்.

தங்கை கூடையோடு வாசலில் வந்து நின்று தண்ணீர் கேட்டாள். அக்கா மகளின் கையைப் பிடித்துக்கொண்டார். அதற்கப்புறம் வந்ததெல்லாம் அவர் பார்க்காத படம். அண்ணன் செம்பை நீட்டுகிறான், அவள் கையில் இருந்த பழைய தழும்பைப் பார்க்கிறான், யாரோ என்று நினைத்து உள்ளே போய்விடுகிறான். அக்கா "டேய், திரும்பிப் பாருடா" என்று கெஞ்சினார். நல்லவேளை, கடைசியில் திரும்பினான். ஓடிவந்தான். அவள் அதற்குள் ரோட்டைத் தாண்டிவிட்டாள், கூப்பிட்டான், நின்றாள். இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். பக்கத்து வீட்டில் என் வீட்டுக்காரர் தலைமையுரையில் "ரசனை என்பது என்ன?" என்று ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருந்தார்.

அக்கா தேம்பித் தேம்பி அழுதார். பிறகு மூக்கைச் சிந்தினார், சிரித்தார். "இவ்ளோதானா? பன்னெண்டு வருஷமா நான் யோசிச்சி வச்சிருந்தது இதவிட நல்லா இருந்துச்சி."

ஆன்டி முழுப் படத்தையும் முழுக்கண்ணையும் திறந்து வைத்துக்கொண்டு பார்த்திருந்தார். "பஸ்ஸுக்கு இன்னும் நேரம் கிடக்கு, பிள்ளை" என்றார்.

அக்கா கடிகாரத்தைப் பார்த்தார். உண்மைதான், நேரம் மிச்சம் இருந்தது. அந்த வருஷத்தில் முதல் தடவையாக மிச்சம் இருந்தது. "அப்போ கடைசி மட்டும் இன்னொருக்கா போடு" என்றார். திருப்பிப் போட்டோம். இரண்டாவது தடவையும் அழுதார். ஹார்ன் கேட்டதும் முகத்தைக் கழுவிக்கொண்டு, சிரித்துக்கொண்டே ஓடினார்.

நான் வீட்டுக்கு வந்தபோது கூட்டம் முடிகிற நேரம். மீஹூன் சட்டி காலி. மூன்று பேரும் திருப்தியாக இருந்தார்கள். ஆன்டி எனக்கு முன்னாலேயே வந்து சோபாவில் கண் மூடிவிட்டிருந்தார்.

"படம் பாத்தாச்சா?" என்று கேட்டேன்.

"எங்க லா நேரம். அடுத்த வாரத்துக்கு ஒத்தி வச்சாச்சி" என்றார் என் வீட்டுக்காரர். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்த அக்கா இன்னைக்கு வரவே இல்ல, பாத்தியா? விருது குடுத்த அடுத்த வாரமே வரல. வருத்தம் தெரிவிச்சி ஒரு தீர்மானம் போட்டிருக்கோம். நம்ம ஆளுங்களுக்கு ஒரு பொறுப்பு வேணாமா?" என்றார்.

என் வாயில் நிறைய வந்தது. சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

மறுநாள் செய்தி பார்க்க அவர் பேனரைத் தூக்கினார்.

"டிவி எங்க?"

"அக்கா வீட்டுல."

"எப்பலேருந்து?"

"நேத்து நீங்க இறைவாழ்த்து பாடுறதுக்கு முன்னாலேருந்து."

அவர் பேனரை இறக்கினார். மறுபடியும் தூக்கிப் பார்த்தார். காதுமடல் இரண்டும் சிவந்துவிட்டன. "அங்கிள்கிட்ட சொல்லிடாத" என்று மட்டும் சொன்னார். டிவியைத் திருப்பிக் கொண்டுவந்து வைத்தோம், அந்த வாரம் முழுக்க அவர் என்னோடு அதிகம் பேசவில்லை. மனிதருக்கு உறைத்துவிட்டது, சனிக்கிழமை படம்தான் முதலில் என்று நானும் நம்பினேன்.

சனிக்கிழமை வந்தது. அன்றைக்கு அவர் குளிக்கப் போகவில்லை. டிவியின் ஒயரைச் சுருட்டினார். நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு, தானாகவே பின்வாசல் வழியாக நடந்தார். பிளேயரை எடுத்துக்கொண்டு நான் பின்னால் போனேன். அக்கா வீட்டு ஹாலில் டிவியை இறக்கி வைத்து, ஒயரைச் சொருகி, படம் தெளிவாக வருகிறதா என்றுகூடப் பார்த்தார். அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"நீங்களும் உக்காருங்க தம்பி. ஒரு வருஷமா முழுசா ஒரு படம் நீங்களும் பாக்கல."

"இல்லக்கா, கூட்டம் இருக்கு லா" என்றார் என் வீட்டுக்காரர். "டிவிய எடுத்துட்டா அந்த இடத்துல இன்னும் ரெண்டு நாற்காலி போடலாம்."